வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது, பிரஷர் வந்துவிடுமா?

கொய்யாமரம் | 2024 மார்ச் 12, மாலை 6.20

எனக்கு இது 14-வது வாரம். முதல் பிரசவம். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் 'குறைபாடு' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டி குறைந்தால் கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரைக்கும் போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என்னைப் பெற்றபோது அம்மாவுக்கு எட்டாம் மாதம் பிரஷர் ஏறி, ஜன்னி (வலிப்பு) கண்டு, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாராம். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே எழுதியிருக்கிறார். அதைச் சாப்பிட்டால் பிரஷர் வராமல் தடுத்துவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய் | மார்ச் 12, இரவு 9.45

நான் லேப் டெக்னீஷியன். 16 வருடமாக இந்த வேலை. உங்களுக்கு வந்தது போன்ற ரிப்போர்ட்டை ஒரு நாளைக்கு நாலைந்தாவது டைப் செய்து கொடுக்கிறேன். 2017-ல் எனக்கே ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி யூரினில் புரதம் போகிற நோய், வந்தது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

டி-க்கும் பிரஷருக்கும் தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 22 வாரத்துக்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் பிறகு சோதித்துப் பார்த்தார்கள். டி அளவு 37.5-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ப்ரீஎக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. உங்கள் 11 அதற்கு வெகு கீழே. சாஷேயைத் தவறாமல் சாப்பிடுங்கள். முதல் மாதங்களிலேயே சரி செய்துகொள்வது நல்லது.

சோதனைக்குழாய் | மார்ச் 13, காலை 6.10

நேற்று எழுதியதில் பெரிய பிழை. மன்னிக்க வேண்டும், அதைப் படித்துவிட்டு நீங்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருப்பீர்கள்.

அந்த 37.5 லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்ற கணக்கு. நம் ஊர் ரிப்போர்ட் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று வரும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்றால் லிட்டருக்கு இரண்டரை நானோமோல். ஆக 37.5 என்பது நம் கணக்கில் 15. உங்களுடைய 11 அதற்குக் கீழேதான், ஆனால் நான் பயமுறுத்திய அளவுக்குப் பள்ளத்தில் இல்லை. யூனிட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது எங்கள் தொழிலில் செய்யவே கூடாத தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் நோய் வந்த பெண்கள் 55 பேர், வராதவர்கள் 219 பேர். சராசரியைப் பார்த்தால் வந்தவர்களுக்கு ஏறக்குறைய 18, வராதவர்களுக்கு 21. அவ்வளவுதான் இடைவெளி. ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தால் இந்த அளவு வித்தியாசம் வருவதை நானே பார்த்திருக்கிறேன். தொடர்பு உண்டு என்று சொல்ல அந்த ஆய்வு போதும். உங்களுக்கு வரும், வராது என்று ஜோசியம் சொல்லப் போதாது.

கொய்யாமரம் | மார்ச் 13, காலை 10.05

நன்றி அக்கா. தூங்கவில்லைதான். இப்போது பரவாயில்லை. உங்களுக்கு வந்தது என்றீர்களே, அப்போது உங்களுக்கு டி எவ்வளவு இருந்தது?

சோதனைக்குழாய் | மார்ச் 15, இரவு 11.00

அதை எழுத உட்கார்ந்து இரண்டு நாள் ஆகிவிட்டது.

முதலில் எனக்கு டி 9. வாரம் ஒரு சாஷே, ஞாயிற்றுக்கிழமை இட்லி முடித்ததும் பாலில் கலந்து குடிப்பேன். முப்பதாவது வாரம் நானே ரத்தம் எடுத்து எங்கள் லேபிலேயே போட்டுப் பார்த்தேன். 31 வந்தது. கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். மஞ்சள் மூடி டியூபில் என் பேரை ஒட்டி, அந்த எண்ணுக்காக மூன்று முறை காத்திருந்திருக்கிறேன். அது ஏறியதும் ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி இருந்தது.

அதே வாரம் மோதிரம் கழற்ற வரவில்லை. காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருந்தது. 'நீர் இறங்குது, எல்லாருக்கும் உள்ளதுதான்' என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செக்கப்பில் சுடிதார் கை மேலேயே பட்டையைச் சுற்றி பிபி பார்த்தார்கள். 132/86. 'கொஞ்சம் டென்ஷன், ரெஸ்ட் எடுங்க' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கர்ப்பத்துக்கு முன்னால் எனக்கு எப்போதும் 100/70தான். அந்த ஏற்றத்தைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியது நான். டி ஏறிய சந்தோஷத்தில் கேட்கவில்லை.

அப்புறம் கத்திரி வெயில். தலைவலி. வெயிலால்தான் என்று மோர் குடித்தேன்.

33-வது வாரம் ஒரு மதியம், லேபில் கூட்டம் குறைந்த நேரம், என் யூரினையே எடுத்துப் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப்பை நனைத்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டம் கரும்பச்சையாக மாறியது. மூன்று பிளஸ். ஸ்ட்ரிப் டப்பா திறந்து நாளாகிவிட்டது, அதனால் இருக்கும் என்று நினைத்துப் பழைய முறையில் பார்த்தேன். டெஸ்ட் ட்யூபில் முக்கால் அளவு ஊற்றி, அடியைப் பிடித்துக்கொண்டு மேல் பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். கொதி வந்ததும் மேலே வெள்ளையாகத் திரண்டது, முட்டை வெள்ளைக் கருவை வெந்நீரில் விட்ட மாதிரி. அசெட்டிக் ஆசிட் மூன்று சொட்டு விட்டேன். உப்பாக இருந்தால் கரைந்துவிடும். கரையவில்லை. கீழ்ப்பாதி தெளிவு, மேல்பாதி வெள்ளை. எத்தனை பேருக்கு இப்படிப் பார்த்து எழுதிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு ட்யூபைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

பக்கத்து கிளினிக்கில் பிபி பார்த்தார்கள். 164/108.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

சோதனைக்குழாய் | மார்ச் 16, இரவு 10.30

ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி மெக்னீசியம் சல்பேட். இரண்டு இடுப்பிலும் ஆழமாகப் போட்டார்கள். உடம்பு முழுக்க மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி ஒரு தகிப்பு. அப்புறம் மணிக்கணக்காக ஒரு நர்ஸ் அக்கா என் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்த்தார், மூச்சை எண்ணினார், யூரின் பையில் அளவு குறித்தார். அந்த மருந்து அதிகமானால் முதலில் முழங்கால் துள்ளல் நின்றுபோகும், அதற்காக. 2002-ல் 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களுக்கு மேல் சேர்த்து மேக்பை என்ற ஆய்வு நடந்தது. இந்த ஊசி ஜன்னி வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அதில் தெரிந்தது. கொய்யாமரம், உங்கள் அம்மா காலத்தில்தான், 1995-ல், ஜன்னிக்கு மற்ற மருந்துகளைவிட இதுதான் மேல் என்று நிரூபணமானது. அம்மா பிழைத்து வந்திருக்கிறார், அதுவே பெரிய விஷயம்.

மகள் 1,650 கிராம். 22 நாள் இன்குபேட்டரில். இந்த ஜூனில் இரண்டாம் வகுப்பு போகிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: என் டி அளவு சரியாகிப் பல நாள் கழித்துத்தான் எனக்கு ப்ரீஎக்லாம்ப்சியா வந்தது.

கீழவீதி | மார்ச் 17, காலை 8.15

இதெல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பதால் வருவது. தினமும் காலை ஆறு மணி இளவெயிலில் அரை மணி நில்லுங்கள். எந்த சாஷேயும் தேவையில்லை. நம் பாட்டிமார் என்ன மாத்திரையா சாப்பிட்டார்கள்?

சோதனைக்குழாய் | மார்ச் 17, மதியம் 2.40

ஐயா, இளவெயில் மனசுக்கு நல்லது, நடைக்கு நல்லது. ஆனால் தோலில் டி உண்டாக்குகிற புற ஊதா பி கதிர் அந்த நேரத்தில் தரைக்கு வந்து சேருவது மிகக் குறைவு. சூரியன் சாய்வாக இருக்கும்போது அந்தக் கதிரைக் காற்று மண்டலமே வடிகட்டிவிடுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. நம் ஊரில் சுமார் பத்திலிருந்து மூன்று மணி. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரை விடாது. நம் தோல் நிறத்துக்கு வெள்ளைக்காரர்களைவிட அதிக நேரம் வேண்டும்.

2005-ல் லக்னோவில் 207 கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். 84 சதவீதம் பேருக்கு டி குறைவு. கிராமத்துப் பெண்களுக்கும் நகரத்துப் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. வெயில் கொட்டுகிற நாட்டில் இதுதான் நிலைமை. முழுக்கை, முக்காடு, வீட்டு வேலை, வெயிலில் போனால் கறுத்துவிடுவாய் என்ற பேச்சு எல்லாம் இதில் சேரும்.

பாட்டிமாரைப் பற்றி: என் பாட்டிக்கு ஒன்பது பிரசவம், தங்கியது ஐந்து. பாட்டியின் தங்கை பிரசவத்தில் ஜன்னி கண்டு இறந்தவர். அந்தக் காலத்தில் எழுதி வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கொய்யாமரம் | மார்ச் 17, மாலை 5.00

அத்தை இப்போது மாடியில் கூழ் வடகம் போடுகிறார். காக்கா விரட்டுகிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். பத்து மணிக்கு இருபது நிமிடம்.

சோதனைக்குழாய் | மார்ச் 17, மாலை 5.25

நல்ல வேலை. தலைக்குத் துண்டு, கையில் தண்ணீர் சொம்பு. கிறுகிறுப்பு வந்தால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். வடகம் போனால் போகட்டும்.

சோதனைக்குழாய் | மார்ச் 18, காலை 5.50

விடியற்காலையில் எழுந்ததும் ஒன்று உறைத்தது. டி, வெயில் என்று பேசிக்கொண்டே அவசரமான விஷயத்தை விட்டுவிட்டேன்.

உங்களுக்கு முதல் பிரசவம். அம்மாவுக்கு இதே நோய் வந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். அது 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். உங்களுக்கு இப்போது 15 நடக்கிறது. இன்றைக்கே போய்க் கேளுங்கள். 'அம்மாவுக்கு பேறுகாலத்தில் ஜன்னி வந்தது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கிற வரை காத்திருக்க வேண்டாம். நீங்களாக மருந்துக் கடையில் வாங்கவும் வேண்டாம். வயிற்றுப் புண், ரத்தக்கசிவு, ஆஸ்துமா எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

ஏன் இந்த 16 வாரக் கணக்கு? நஞ்சுக்கொடி உருவாகும்போது கர்ப்பப்பையின் சுருள் ரத்தக் குழாய்கள் அகன்று கொடுக்க வேண்டும். மடைவாய் சின்னதாக இருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாதில்லையா, அந்த மாதிரி. அந்த அகலப்படுத்தல் நடப்பது முதல் நாலு, ஐந்து மாதத்துக்குள். அது சரியாக நடக்காவிட்டால், ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறி விடுகிறது. பாஸ்டனில் ஆனந்த் கருமாஞ்சி குழுவினர் 2003-ல் அதில் ஒன்றை எலிக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எலிக்கு பிரஷர் ஏறியது, யூரினில் புரதம் போனது. ஏழாம் மாதம், எட்டாம் மாதம் நாம் பார்க்கிற வீக்கமும் தலைவலியும் நாலாம் மாதத்திலேயே விதை போட்ட விஷயம்.

கொய்யாமரம் | மார்ச் 19, இரவு 8.30

சொன்னேன் அக்கா. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, 'இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா' என்றார். ஈகோஸ்பிரின் 150 எழுதிக் கொடுத்தார், ராத்திரி படுக்கும்போது சாப்பிடச் சொன்னார்.

சோதனைக்குழாய் | மார்ச் 19, இரவு 9.10

வயிற்றில் பாலை வார்த்தீர்கள். 2017-ல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில் கொடுத்ததும் அதே 150, அதே ராத்திரி வேளைதான். வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப்பட்ட 1,776 பெண்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டி வருகிற ப்ரீஎக்லாம்ப்சியா, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6. டி-க்கு இவ்வளவு உறுதியான ஒரு கணக்கு இன்றுவரை கிடையாது.

சோதனைக்குழாய் | ஏப்ரல் 21

இதை எல்லாரும் படிக்க வேண்டும். நேற்று லேபுக்கு ஒரு பெண், ஆறாம் மாதம். ஓயாத வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம். மசக்கை இன்னும் போகவில்லை என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கால்சியம் போட்டால் உச்சத்தில் இருக்கிறது. டி-க்கு மெஷின் எண்ணே தரவில்லை, '150-க்கு மேல்' என்று நின்றுவிட்டது. விசாரித்தால், வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று நினைத்து ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார். சீட்டில் இருந்தது ஆங்கிலக் கிறுக்கல். யாரும் வாயால் சொல்லவில்லை.

முதல் நாள் நான் 'தவறாமல் சாப்பிடுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அது போதாது. எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது, அதற்குப் பிறகு என்ன அளவு என்பதையும் கேட்டு வாங்குங்கள். டி கொழுப்பில் கரைகிற சத்து. மிஞ்சினால் யூரினில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும். ஆறு லட்சம் யூனிட் ஊசியும் கடையில் கிடைக்கிறது. யாராவது 'ஒரே ஊசி, வேலை முடிந்தது' என்றால் உங்கள் மகப்பேறு டாக்டரைக் கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

மலைக்கோட்டை | ஏப்ரல் 22

என் மனைவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரை கொடுக்கிறார்கள். அதிலேயே டி இருக்கிறது என்று அட்டையில் போட்டிருக்கிறது. தனியாக சாஷேயும் வேண்டுமா?

சோதனைக்குழாய் | ஏப்ரல் 22, இரவு

நல்ல கேள்வி, நான் எழுதியிருக்க வேண்டியது. மத்திய அரசு 2014-ல் கொடுத்த வழிமுறைப்படி ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியம், 250 யூனிட் டி3. நாளுக்கு இரண்டு. 14-வது வாரத்திலிருந்து, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை. ஆக தினம் 500 யூனிட் டி ஏற்கெனவே போகிறது. கர்ப்பிணிக்குத் தினசரித் தேவை 600 என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் 2010-ல் சொன்ன கணக்கு. குறைபாடு இல்லாதவருக்கு இந்த மாத்திரையே பெரும்பகுதியை நிரப்பிவிடும். சாஷே எழுதுகிற டாக்டரிடம் இந்த அட்டையையும் காட்டச் சொல்லுங்கள்.

இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம். கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒன்று காலையில், ஒன்று ராத்திரியில் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பிரஷர் விஷயத்தில் டி-யைவிட கால்சியத்துக்குத்தான் பழைய, பலமான சாட்சி. அதை அப்புறம் எழுதுகிறேன்.

சோதனைக்குழாய் | மே 26

மகளுக்கு லீவு, லேபில் ஆள் குறைவு, எழுத நேரமே இல்லை. பேருந்தில் போகும்போதெல்லாம் ஒரே யோசனை. டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பாஸ்டன், செயின்ட் லூயிஸ், சான் டியேகோ மூன்று ஊரிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்கின மாதிரி இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 4,400 யூனிட், மற்றதற்கு 400. ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்கள் இந்தப் பக்கம் 8.08 சதவீதம், அந்தப் பக்கம் 8.33. ஒரு வித்தியாசமும் இல்லை.

இதில் நான் பல நாள் சிக்கிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அதே ஆய்வில், ஆரம்பத்திலும் கடைசியிலும் டி 30-க்கு மேல் இருந்த பெண்களைத் தனியாகப் பார்த்தால் 2.28 சதவீதம் பேருக்குத்தான் நோய். இரண்டு முறையும் குறைவாக இருந்தவர்களில் 11.92. இதைப் படித்ததும் 'பார், கருத்தரிக்கும் முன்பே டி சரியாக இருந்திருந்தால் எனக்கு வந்திருக்காது' என்று ஒரு வருத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு வருடம் முன்பிருந்தே டி-யைப் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். 2021-ல் கருத்தரித்தபோது 34. 12-வது வாரத்திலிருந்து ஆஸ்பிரினும் சேர்ந்தது. வீட்டிலேயே பிபி பார்த்து நோட்டில் எழுதினேன். 37-வது வாரம் 144/92 வந்தது. அன்றே போய்ச் சேர்ந்தேன், பிரசவ வலி வர ஊசி போட்டார்கள், மகன் 2,800 கிராம்.

டி காப்பாற்றியதா, ஆஸ்பிரினா, நோட்டா? ஒருத்தி உடம்பை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. டி 34 இருந்தும் பிரஷர் எட்டிப் பார்த்தது என்பது மட்டும் நிஜம்.

சோதனைக்குழாய் | மே 27

நேற்றைய 2.28, 11.92 பற்றி ஒரு பின்யோசனை. டி 30-க்கு மேல் வைத்திருக்கிற பெண் யார்? வெளியே நடமாடுகிறவர், உடல் எடை அளவாக உள்ளவர், சத்தான சாப்பாடு வாங்க முடிந்தவர். எடை கூடினால் டி கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், ரத்தத்தில் குறைவாகக் காட்டும். எடை கூடினால் ப்ரீஎக்லாம்ப்சியாவும் அதிகம். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கும்போது, ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியுமா?

இதைப் பிரித்துப் பார்க்க 2018-ல் மரபணு வழியாக ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்குப் பிறவியிலேயே டி கொஞ்சம் குறைவாக ஓடும். எடைக்கோ சாப்பாட்டுக்கோ அதில் சம்பந்தமில்லை. டி-தான் காரணம் என்றால் அவர்களுக்கு நோய் அதிகம் வர வேண்டும். அப்படிச் சொல்ல உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

வைட்டமின் சி, ஈ கதையும் மறக்கக் கூடாது. 1999-ல் லண்டனில் 283 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் அற்புதமாகத் தெரிந்தது. 2006-ல் 2,410 பேரை வைத்துப் பார்த்தபோது ஒன்றையும் தடுக்கவில்லை, எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தார்கள்.

சோதனைக்குழாய் | ஜூலை 30

என் முதல் பதிவை இன்று மூன்றாவது முறையாகத் திருத்துகிறேன்.

இந்த வருடம் இரண்டு பெரிய அறிக்கைகள் வந்திருக்கின்றன. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம், கர்ப்பிணிகள் டி எடுத்துக்கொள்ளலாம், ப்ரீஎக்லாம்ப்சியா குறைய வாய்ப்பு உண்டு என்கிறது. ஆனால் எல்லாரும் ரத்தம் எடுத்து டி அளவு பார்க்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. லேபில் சம்பளம் வாங்குகிற நான் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அந்த எண்ணை வாங்குகிறவர்களில் பாதிப் பேர், சில ரூபாய் ஸ்ட்ரிப்பில் தெரிகிற புரதத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை.

இன்னொன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் அறிக்கை. 2019-ல் இதே காக்ரேன், நாலு ஆய்வு, 499 பெண்கள் என்று கணக்குக் காட்டி, டி ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் போலிருக்கிறது என்றது. அதை நம்பித்தான் நான் பலருக்குச் சொல்லி வந்தேன். இப்போது ஒவ்வொரு ஆய்வும் நம்பகமானதுதானா என்று சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள். ப்ரீஎக்லாம்ப்சியா கணக்கில் மிஞ்சியது ஒரே ஆய்வு, 165 பெண்கள். அதை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டி கொடுக்க 2016-லும் சொல்லவில்லை, 2020-லும் சொல்லவில்லை.

ஒரே வருடத்தில் ஒருவர் கொடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் ஆதாரம் போதாது என்கிறார். கொய்யாமரம், உங்கள் 11-ஐச் சரிசெய்தது வீண் இல்லை. உங்கள் எலும்புக்கும் பிள்ளை எலும்புக்கும் அது வேண்டும். பிரஷருக்கு அதைக் காவல் என்று நம்பாதீர்கள்.

கொய்யாமரம் | ஆகஸ்ட் 2

34 வாரம் அக்கா. டி இப்போது எவ்வளவு என்று பார்க்கவே இல்லை. பிபி மெஷின் வாங்கிவிட்டேன். 118/76.

சோதனைக்குழாய் | ஆகஸ்ட் 2, இரவு

அருமை. சேரில் முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் பாருங்கள். பட்டை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில். சுடிதார் கை மேல் வேண்டாம். 140/90 வந்தால் அன்றே போக வேண்டும். 160/110 வந்தால் அந்த நிமிடமே. தீராத தலைவலி, கண் முன் பூச்சி பறக்கிற மாதிரி தெரிவது, நெஞ்சுக்குக் கீழே வலப்பக்க வலி, திடீரென்று முகவீக்கம், இதில் எது வந்தாலும் மெஷின் என்ன காட்டினாலும் கிளம்புங்கள்.

சோதனைக்குழாய் | ஆகஸ்ட் 18

கால்சியம் பற்றி எழுதுவதாகச் சொன்ன கடன்.

குவாத்தமாலாவில் மாயா இனப் பெண்கள் ஏழைகள், ஆனால் அவர்களுக்குப் பேறுகால ஜன்னி குறைவாக இருந்தது. ஏன் என்று பார்த்த மருத்துவர்கள் அவர்கள் சமையலைக் கவனித்தார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து அரைக்கிறார்கள். அதிலிருந்து கால்சியம். 1980-ல் அந்தக் கருத்து அச்சில் வந்தது. கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிற நாடுகளில் மாத்திரை கொடுத்தால் ப்ரீஎக்லாம்ப்சியா குறைகிறது என்பது பிறகு பல ஆய்வுகளில் தெரிந்தது. நன்றாகச் சாப்பிடுகிற அமெரிக்கப் பெண்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேரிடம் 1997-ல் பார்த்தபோது பலன் இல்லை. இல்லாதவர்க்குக் கொடுத்தால்தான் தெரிகிறது. இந்த ஜனவரியில் பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் செய்த ஆய்வு வந்தது. 500 மில்லிகிராம் கொடுத்தாலும் 1,500 கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரே பலன்.

சுண்ணாம்பு என்றதும் எனக்குப் பாட்டியின் வெற்றிலைப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. ஆனால் யாரும் இதைப் படித்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பிக்க வேண்டாம். பாக்கும் புகையிலையும் பிள்ளைக்கு ஆகாது. கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, மோர், முள்ளோடு மெல்லுகிற நெத்திலி. அதுவே போதும்.

கொய்யாமரம் | செப்டம்பர் 7

பெண் குழந்தை, 2,900 கிராம், நேற்று முன்தினம். சுகப்பிரசவம். பிரசவத்தின்போது 136/88 வரை போனது, அதற்கு மேல் ஏறவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பிபி மெஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சோதனைக்குழாய் | செப்டம்பர் 7, இரவு

லேபில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், யாருக்கு என்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

மெஷினை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். பிள்ளை பிறந்த பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் மறுபடி ஏறுகிற நேரம். ஜன்னி பிரசவத்துக்குப் பிறகும் வரும். வீட்டுக்குப் போனதும் பத்தியச் சாப்பாடு, காது அடைக்கிற துணி, வந்து போகிற சொந்தம் என்று இதை மறந்துவிடுவார்கள். அம்மாவிடம் சொல்லி வையுங்கள், அவருக்குச் சொல்லத் தேவையிருக்காது.

கொய்யாமரம் | செப்டம்பர் 9

காலை 128/82. மாலை 134/86. தலைவலி இல்லை.

சோதனைக்குழாய் | செப்டம்பர் 9, இரவு

மாலை கொஞ்சம் கூடியிருக்கிறது. இன்று நாலாம் நாள். படுக்கும் முன் இன்னொரு முறை பார்த்து இங்கே போடுங்கள், நான் முழித்திருப்பேன்.

கொய்யாமரம் | செப்டம்பர் 9, இரவு 11.20

126/80 அக்கா.